எந்த மலையில், எந்தக் குண்டால்: அமெரிக்க வேட்டை இதழ்களின் இரண்டு எழுத்தாளர்கள்

அமெரிக்க வேட்டை இதழ்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து படித்தவர்களிடையே பிடித்த எழுத்தாளர் யார் என்ற பேச்சு எழுந்தால், மற்றப் பெயர்களை முந்திக்கொண்டு இரண்டு பெயர்கள் வந்துவிடும். ஒருவர் ஜாக் ஓ'கானர். மற்றவர் எல்மர் கீத். முன்னவர் 1978இலும் பின்னவர் 1984இலும் மறைந்துவிட்டார்கள். அவர்களுடைய அன்பர்கள் இன்னும் இரண்டு கட்சியாகவே நிற்கிறார்கள். கட்சி பிரிந்த காரணம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மிகச் சிறியதாகத் தெரியும்: பெரிய விலங்கை வீழ்த்த, வேகமாகப் பாயும் இலேசான குண்டு போதுமா, வேகம் குறைந்தாலும் கனத்துப் பருத்த குண்டுதான் வேண்டுமா? இந்தக் கேள்விக்கு யாருடைய விடை சரி என்று தீர்த்துவிட்டு, அதை வைத்தே எழுத்தாளரின் தரத்தையும் முடிவு செய்வது வழக்கமாகிவிட்டது. இந்த அளவுகோல் பிழையானது என்பது என் வாதம். வேட்டை இதழில் எழுதுபவரின் மதிப்பை அவர் எட்டிய முடிவைக் கொண்டு அளக்க முடியாது. அந்த முடிவு எந்த நிலத்தில், எந்த விலங்கின்மேல், எந்தக் குண்டால், எவ்வளவு தூரத்தில் மெய்யாயிற்று என்பதை வாசகர் தாமே கண்டுகொள்ளும்படி எழுதினாரா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்த இருவரின் இடமும் மாறித் தெரியும். அவர்களுக்குப் பின் வந்தவர்களின் இடமும் மாறும்.

தமிழ் வாசகருக்கு வேட்டை எழுத்து என்றால் ஜிம் கார்பெட்டும் கென்னத் ஆண்டர்சனும் நினைவுக்கு வருவார்கள். பெங்களூரில் வாழ்ந்த ஆண்டர்சன், தருமபுரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளை உலக வாசகருக்கு அறிமுகப்படுத்தியவர். ஆனால் அவர்கள் எழுதியவை நூல்கள். என்றோ நடந்து முடிந்ததைப் பின்னால் நினைத்து எழுதியவை. படிப்பவர் அதைச் செய்து பார்க்கப் போவதில்லை. அமெரிக்க வேட்டை இதழின் பத்தி வேறு இனத்தைச் சேர்ந்தது. 1887இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் அஃபீல்ட், 1895இல் தொடங்கிய ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம், 1898இல் டென்வர் நகரில் பிறந்த அவுட்டோர் லைஃப் ஆகியவற்றில் துப்பாக்கிப் பத்தி எழுதியவர் ஒவ்வொரு மாதமும் ஆலோசனை சொன்னார். வாசகர் அதை நம்பித் தன் சேமிப்பைக் கொடுத்து ஒரு ரைபிள் வாங்கினார், இலையுதிர் காலத்தில் மலையேறினார், சொன்னபடி நடக்கவில்லை என்றால் இதழுக்குக் கடிதம் எழுதினார். படிப்பவர் செய்து பார்க்கப்போகிறார் என்று தெரிந்தே எழுதிய எழுத்து அது. அதனால்தான் அதில் சான்றைப் பற்றிய கேள்வி அவ்வளவு கூர்மையாக எழுகிறது.

ஓ'கானர் 1902இல் அரிசோனாவின் நோகாலஸில் பிறந்தார். அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தார். வேட்டையைப் பற்றிப் புகழ்பெற எழுதுவதற்கு முன்பே, 1930இல், ஒரு நாவலை வெளியிட்டிருந்தார். 1940களின் தொடக்கத்திலிருந்து 1972 வரை அவுட்டோர் லைஃப் இதழின் துப்பாக்கிப் பகுதி அவர் கையில் இருந்தது. அவருடைய பெயரோடு பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டது, வின்செஸ்டர் நிறுவனம் 1925இல் கொண்டுவந்த .270 தோட்டா. அதன் குண்டு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விட்டம், 130 கிரெய்ன் எடை, அதாவது எட்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. அது நொடிக்குத் தொள்ளாயிரம் மீட்டருக்கும் மேலான வேகத்தில் கிளம்பியதால், 250 மீட்டர் தொலைவு வரையிலும் குறியை மேலே உயர்த்திப் பிடிக்க வேண்டிய தேவை அநேகமாக இல்லை. லேசர் தூரமானி இல்லாத காலம் அது. எதிர்மலையில் நிற்கும் காட்டாடு இருநூறு மீட்டரில் நிற்கிறதா, முந்நூறு மீட்டரிலா என்பதைக் கண்ணால்தான் மட்டிட வேண்டும். குண்டு தாழாமல் நேராகப் போகிற அளவுக்கு, அந்த மதிப்பீட்டில் நேரும் பிழை பொறுத்துக்கொள்ளப்படும். அரிசோனாவிலும் எல்லைக்கு அப்பாலிருந்த மெக்சிகோவின் சொனோராவிலும் திறந்த பாலைமலைகளில் பெருங்கொம்புக் காட்டாட்டையும் சிறிய உடலுடைய கூஸ் மானையும் தேடித் திரிந்தவருக்கு .270 பிடித்துப்போனதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

கீத்தின் வாழ்க்கை வேறு தளத்தில் நடந்தது. 1899இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்து, மொன்டானாவில் வளர்ந்து, ஐடஹோவின் சால்மன் ஊரில் நிலைத்தவர். சிறுவயதில் ஒரு தீவிபத்தில் கடுமையாக எரிந்து பிழைத்தார். பண்ணைக்காரராகவும், வெளியூர் வேட்டைக்காரர்களை மலைக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டியாகவும் பிழைப்பு நடத்தினார். அமெரிக்கன் ரைஃபிள்மேன் முதல் கன்ஸ் அண்ட் அம்மோ வரை பல இதழ்களில் அவருடைய பேச்சுவாக்கான எழுத்து வந்தது. அவர் வற்புறுத்தியது, ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் விட்டமும் 250 கிரெய்னுக்குக் குறையாத எடையும் கொண்ட குண்டை. .270 எல்க் மானுக்கு ஆகாது, ஓநாயைவிடச் சிறிய கயோட்டி போன்ற விலங்குகளுக்கே அது பொருந்தும் என்பது அவருடைய உறுதியான கருத்து. ரிவால்வர் துறையில் அவருடைய செல்வாக்கு இன்னும் ஆழமானது. 1935இன் .357 மேக்னம், 1955இன் .44 மேக்னம், 1964இன் .41 மேக்னம் ஆகிய மூன்று தோட்டாக்களும் பிறந்ததில் அவருடைய சோதனைகளுக்கும் இடைவிடாத வற்புறுத்தலுக்கும் பங்கு உண்டு. வேறு எந்தப் பத்தி எழுத்தாளரும் தொழிற்சாலைகள் செய்யும் பொருளை இந்த அளவுக்கு மாற்றவில்லை.

இந்த இருவரில் யார் சரி? இயற்பியலை மட்டும் வைத்து இதைத் தீர்க்கப் பார்ப்பவர்கள் ஏராளம். குண்டின் ஆற்றல் வேகத்தின் இருபடியைப் பொறுத்து ஏறும், எனவே வேகமே முக்கியம் என்பார்கள் ஒரு தரப்பார். விலங்கின் உடலுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்பதே முக்கியம், அதற்கு எடை வேண்டும் என்பார்கள் மறு தரப்பார். இரண்டும் உண்மை, இரண்டும் கேள்வியைத் தொடவில்லை. ஓ'கானரின் மலையில் விலங்கு திறந்த வெளியில், பெரும்பாலும் ஆளைப் பார்க்காமல் நின்றது. சுடுபவர் படுத்தோ உட்கார்ந்தோ நிதானமாக நெஞ்சுக்கூட்டைக் குறிவைக்க முடிந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே புகும் வேகமான குண்டு நுரையீரலைக் கிழித்துவிடும். கீத்தின் மலையில் அடர்ந்த ஊசியிலைக் காடு. முந்நூறு கிலோ எடையுள்ள எல்க் மான் கண்ணில் படுவதே ஓடும்போதுதான், அதுவும் பின்பக்கம் காட்டியபடி. முதல் குண்டைச் சுட்டவரும் பெரும்பாலும் கீத் இல்லை. ஆண்டுக்கு ஒரு தடவை துப்பாக்கியைத் தொடும் வாடிக்கையாளர் ஒருவர். அவர் அரைகுறையாகக் காயப்படுத்தி ஓடவிட்ட விலங்கைத் தொடர்ந்து போய் முடிப்பது வழிகாட்டியின் பொறுப்பு. பின்தொடையில் புகுந்து, குடலையெல்லாம் கடந்து, நெஞ்சுவரை போய்ச்சேரும் குண்டைக் கேட்டவரைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்க முடியாது. இருவரும் பார்த்தது உண்மை. பார்த்த இடம் வேறு.

இடத்தைப் போலவே காலமும் கணக்கில் வர வேண்டும். 1920களிலும் 1930களிலும் கிடைத்த குண்டுகளில் பெரும்பாலானவை ஈய உள்ளீட்டின்மேல் மெல்லிய செம்புக் கலவை உறை போர்த்தியவை. வேகம் கூடக்கூட அவை எலும்பில் பட்டதும் சிதறும் வாய்ப்பும் கூடியது. இலேசான, வேகமான குண்டுக்கு அந்த ஆபத்து அதிகம். கீத் தன் கருத்தை உருவாக்கிக்கொண்டது இந்தக் குண்டுகளின் காலத்தில். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்பவர் ஒரு மூஸ் மானைப் பலமுறை சுட்டும் குண்டுகள் ஆழமாகப் போகாததைக் கண்டார். ஊருக்குத் திரும்பி, நடுவில் செம்புத் தடுப்பு வைத்து முன்பாதியும் பின்பாதியும் தனித்தனி ஈய உள்ளீடு கொண்ட குண்டு ஒன்றைச் செய்தார். முன்பாதி விரிந்து அகலமாகும்; தடுப்புக்குப் பின்னால் உள்ள பாதி கட்டுக்குலையாமல் ஆழமாகப் போகும். 1948இல் பார்ட்டிஷன் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அந்த நாளிலிருந்து .270 பற்றிக் கீத் சொன்ன குறைகளில் பெரும்பகுதி பழைய குண்டைப் பற்றிய குறையாக மாறிவிட்டது. அவர் 1930இல் சொன்னது சரி. அதே வாக்கியத்தை மாற்றமின்றி 1970இலும் சொன்னபோது அது சரியாக இருக்கவில்லை. விடையை மட்டும் மனப்பாடம் செய்த வாசகருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை.

ஓ'கானரை நான் உயரத்தில் வைப்பது இந்த இடத்தில்தான். .270இன் தூதர் என்று பெயரெடுத்தவர், அதைவிடக் கனத்த குண்டுகளையும் ஏற்கும் .30-06 தோட்டாவே பல வகை வேட்டைக்கும் கூடுதலாக ஒத்துவரும் என்று மறைக்காமல் எழுதினார். தன் மனைவி எலினர் இன்னும் மென்மையான 7×57 மௌசர் ரைபிளைக் கொண்டு ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் பெரிய விலங்குகளை வீழ்த்தியதைத் திரும்பத்திரும்பச் சான்றாகக் காட்டினார். தோட்டாவின் புகழ் பாடுவது நோக்கமாக இருந்தால் இதை எழுதியிருக்க வேண்டியதில்லை. குண்டு எங்கே படுகிறது என்பதே முதன்மை, எந்தக் குண்டு என்பது அதற்குப் பின்னால் வருவது என்பதே அவருடைய அடிப்படைக் கருத்து. அதைத் தனக்குப் பிடித்த பொருளுக்கு எதிராகவும் பயன்படுத்தினார். அவருடைய கட்டுரைகளில் மலைச்சரிவின் சாய்வு, காற்று, வெயிலின் கோணம், விலங்கு நின்ற நிலை எல்லாம் வருவது நாவலாசிரியரின் அலங்காரத்துக்காக என்று சிலர் நினைக்கிறார்கள். வாசகர் தன் மலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது எனக்குப் பொருந்தும், இது பொருந்தாது என்று பிரித்துக்கொள்ள உதவும் விவரங்கள் அவை. அவரோடு உடன்படாதவரும் அவருடைய கட்டுரையிலிருந்தே மாற்றுக் கருத்துக்கான ஆதாரத்தை எடுக்கலாம்.

கீத்தை இதனால் தள்ளிவிடுவது நியாயமாகாது. .44 மேக்னம் ரிவால்வரால் ஏறத்தாழ 550 மீட்டரில் ஒரு மியூல் மானைச் சுட்டதாக அவர் எழுதியதை வைத்து அவரைப் பொய்யர் என்றவர்கள் உண்டு. அந்தக் கட்டுரையை முழுக்கப் படித்தால் வேறு படம் கிடைக்கும். மான் ஏற்கெனவே இன்னொருவர் குண்டால் காயப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது. முதலில் சுட்டவை தவறின. குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துக் குறியை உயர்த்திக்கொண்டே போனார். தவறியதையும் சொல்லிச் சுட்ட முறையையும் சொன்னவர் சாகசம் அளந்தார் என்பதைவிடத் தன் சான்றைத் திறந்து வைத்தார் என்பதே பொருத்தம். ரிவால்வரைப் பற்றி எழுதும்போது கீத் எப்போதும் இப்படித்தான்: குண்டு வார்ப்பு, வெடிமருந்தின் அளவு, குழல் வெடித்த விபத்து வரை எல்லாம் மேசைமேல் இருக்கும். எல்க் வேட்டையைப் பற்றிப் பேசும்போதுதான் ஐடஹோவின் காட்டை உலகத்துக்கே விதியாக்கினார். ஒரே எழுத்தாளர் ஒரு பொருளில் நம்பத்தக்கவராகவும் இன்னொன்றில் எல்லை மீறியவராகவும் இருக்கலாம். ஆளுக்கு ஒரு மதிப்பெண் போடும் பழக்கம் இதை மறைத்துவிடுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். வாசகர் இவர்களை நேசித்தது சான்றுக்காகவா, குரலுக்காக அல்லவா? ராபர்ட் ருவார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம் இதழில் தாத்தாவும் பேரனும் வரும் அவருடைய தொடர், 1957இல் நூலாகி இன்றுவரை விற்கிறது. அதில் காலிபர் என்ற குண்டு விட்டத்தைப் பற்றி யாரும் பாடம் தேடுவதில்லை. குரலின் ஈர்ப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் ருவார்க்கின் குரல் நம்ப வைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1953இல் வந்த ஆப்பிரிக்க வேட்டை நூலில் தான் தவறவிட்டதையும் அஞ்சியதையும் மறைக்காமல் எழுதியவர் அவர். வேட்டை எழுத்தின் பெரிய நோயே வெற்றி மட்டும் அச்சேறுவது. குண்டு பட்டும் தப்பிப்போய் எங்கோ புதரில் செத்த விலங்கு எந்தக் கணக்கிலும் வராது. அதனால் எல்லாத் தோட்டாவும் தப்பாமல் கொல்வதாகத் தோன்றும். தோல்வியை எழுதுகிறவர் அந்தக் கணக்கைக் கொஞ்சமாவது நேர்செய்கிறார். கென்யாவில் வேட்டை வழிகாட்டியாக இருந்து, 1977இல் அங்கே வேட்டை தடைசெய்யப்பட்டபின் டெக்சாஸுக்குக் குடியேறி அமெரிக்கன் ரைஃபிள்மேனில் எழுதிய ஃபின் ஆகார்டை, ஓசையில்லாத அவருடைய நடையையும் தாண்டி, ஆழ்ந்த வாசகர்கள் முதல் வரிசையில் வைப்பது இதே காரணத்தால்தான். இந்த விலங்கை இவ்வளவுதான் பார்த்திருக்கிறேன், இதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை என்ற வகைக் கட்டுப்பாடு அவர் எழுத்தில் ஊடாடி இருக்கும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: துப்பாக்கி நிறுவனங்களின் விளம்பரத்தால் வாழும் இதழில் நேர்மையான சான்றை எதிர்பார்க்கலாமா? சந்தேகம் நியாயமானது. விளம்பரமே வாங்காமல் துப்பாக்கிகளைச் சோதிக்கும் இதழ் ஒன்று தனியே தோன்ற வேண்டியிருந்ததே இதற்குச் சாட்சி. ஆனாலும் ஓ'கானர், வின்செஸ்டர் நிறுவனம் தன் மாடல் 70 ரைபிளை 1964இல் மலிவாக்கி மாற்றியபோது அதிருப்தியை மறைக்கவில்லை; அவருடைய பெயரோடு அதிகம் சேர்த்துப் பேசப்பட்ட ரைபிள் அதுதான். எனக்குப் பெரிய கவலை நிறுவனங்களின் பணத்தைவிட, எழுத்தாளர் பேசலாம் என்று விடப்படும் எல்லை சுருங்கியதுதான். ஓ'கானரும் கீத்தும் பல பத்தாண்டுகள் பகிரங்கமாக மோதிக்கொண்டார்கள். அதற்காக ஒருவர் வேலையும் போகவில்லை. 2007 பிப்ரவரியில் வேட்டை எழுத்தாளர் ஜிம் ஜம்போ, இராணுவப் பாணி ரைபிள்களை வேட்டைக்குக் கொண்டுவருவதைக் கடுமையான சொற்களில் எதிர்த்து எழுதினார். சில நாட்களுக்குள் அவுட்டோர் லைஃப் இதழோடு அவருக்கிருந்த நீண்ட உறவும், நிறுவனங்களின் ஆதரவும், தொலைக்காட்சி நிகழ்ச்சியும் போயின. 2013 டிசம்பர் இதழில் துப்பாக்கி எழுத்தாளர் டிக் மெட்காஃப், அரசியலமைப்பு உரிமைகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் ஒழுங்குபடுத்தப்படுபவைதாம் என்று கன்ஸ் அண்ட் அம்மோவில் எழுதினார். அவரும் விலக்கப்பட்டார், அதை அச்சிட்ட ஆசிரியரும் பொறுப்பிலிருந்து விலகினார். அவர்களுடைய கருத்து சரியா என்பது தனிக் கேள்வி. ஜம்போவின் சொல்தேர்வு அநியாயமானது என்பதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆனால் எதிர்வாதத்தால் பதில் சொல்லாமல் ஆளையே அகற்றும் பழக்கம் வந்த இதழில், தோட்டாவைப் பற்றிய சான்றும் நாளடைவில் தளரும். வாசகர் முகம் சுளிப்பார் என்று அரசியலில் அடங்கக் கற்றுக்கொண்ட எழுத்தாளர், புது ரைபிள் சரியில்லை என்று சொல்லும்போது மட்டும் துணிந்துவிடுவார் என நம்ப இடமில்லை.

இந்தியாவில் 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வளர்ந்த வாசகருக்கு மூன்றாவதாக ஒரு மறுப்பு இருக்கும்: கொல்வதைப் பற்றிய எழுத்தில் நேர்மையைத் தேடுவதே வீண் அல்லவா? வேட்டை சரியா தவறா என்பதை இந்தக் கட்டுரை தீர்க்காது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலிபர் சண்டையின் அடியில் கிடப்பது, காயத்தோடு ஓடிப்போய் இரண்டு நாள் கிடந்து சாகும் விலங்கைப் பற்றிய கவலை. கீத்தின் கோபமெல்லாம் அங்கிருந்து வந்தது. இதழ் எழுத்து விலங்குக்குக் கை கொடுத்த சந்தர்ப்பமும் உண்டு. 1894இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் எஞ்சியிருந்த காட்டெருமைகளைச் சுட்ட ஒருவன் பிடிபட்டபோது, பூங்காவை விட்டுத் துரத்துவதற்கு மேல் தண்டிக்கச் சட்டம் இல்லை. அங்கே இருந்த ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம் என்ற வேட்டை இதழின் செய்தியாளர் எமர்சன் ஹஃப் நேரில் கண்டதை எழுதினார். ஆசிரியர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் அதைத் தலைநகரம் கேட்கும்படி செய்தார். அந்த ஆண்டு மே மாதமே பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. எங்கே, எத்தனை, யாரால் என்று எழுதியதன் பலம் அது.

அதே பலம் இன்று ஈயத்தைப் பற்றிய கேள்விக்குத் தேவைப்படுகிறது. வேட்டைக்காரர்கள் விட்டுச்செல்லும் குடலில் சிதறிக் கிடக்கும் ஈயத் துணுக்குகளைத் தின்று கலிபோர்னியாவின் காண்டோர் கழுகுகள் நஞ்சேறிச் சாகின்றன; 1987இல் உலகிலேயே 27 மட்டும் எஞ்சி, கூண்டில் வளர்த்துத் திரும்பக் காட்டில் விடப்பட்ட இனம் அது. 2013இல் அந்த மாநிலம் இயற்றிய சட்டம் 2019 ஜூலையில் முழு நடைமுறைக்கு வந்தபின் அங்கே ஈயக் குண்டால் வேட்டையாட முடியாது. முழுக்கச் செம்பால் ஆன குண்டுகள் 1980களின் இறுதியிலிருந்தே சந்தையில் உள்ளன. இதழ்களில் ஒரு சாரார் இதை அரசியல் என்று தள்ளினார்கள். மற்றொரு சாரார் பல பருவங்கள் செம்புக் குண்டைப் பயன்படுத்திப் பார்த்து எழுதினார்கள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, எனவே அதே எடைக்குக் குண்டு நீளமாகும், சில பழைய குழல்களின் உட்பள்ளங்களின் முறுக்கு அதைச் சுழற்றி நிலைப்படுத்தப் போதாது; வேகம் தணிந்த தொலைவில் அது சரியாக விரியாமல் போகலாம்; ஆனால் எலும்பில் பட்டாலும் சிதறாமல் எடை ஏறக்குறைய அப்படியே நிற்பதால், இலேசான குண்டே பழைய கனத்த குண்டின் ஆழத்துக்குப் போகிறது. கீத் கேட்ட ஆழத்தை ஓ'கானர் கேட்ட எடையில் தருகிற இந்தக் குண்டைப் பற்றி, எல்க் மானின் தோள் எலும்பில் எத்தனை மீட்டர்வரை அது வேலை செய்தது, எந்தத் தொலைவுக்கு அப்பால் செய்யவில்லை என்று ஒவ்வொரு பருவமும் குறித்து எழுதுகிறவர்களைத்தான் நான் இப்போது முதலில் படிக்கிறேன்.